நெடுந்தொலைவுக்கு நேர்மின்சாரம்: குரூண் இணைப்பை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

குரூணிலிருந்து பீடோங் வரை ஜெராய் மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு உயர்மின் கோபுரங்கள் செம்பனை மரங்களைப் போலவே பழகிப்போன காட்சியாகும். அவற்றில் பெரும்பாலானவற்றில் கம்பிகள் மூன்று மூன்றாகத் தொங்கும். அவை மூன்று கட்ட மாறுதிசை மின்சாரத்தைச் சுமப்பவை. குரூணிலிருந்து தாய்லாந்தின் சொங்க்லா மாகாணத்திலுள்ள க்ளோங் ஙே வரை செல்லும் 110 கிலோமீட்டர் பாதை மட்டும் வேறு இனத்தைச் சேர்ந்தது. அது 300 கிலோவோல்ட் நேர்மின் பாதை. 300 மெகாவாட் வரை இரு திசைகளிலும் அனுப்ப வல்லது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது.

பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கும் நம் பிள்ளைகளும், ஆலைகளில் சார்ஜ்மேனாகப் பணிபுரிகிறவர்களும் இத்தகைய ஓர் இணைப்பை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதைக் காகிதமும் கால்குலேட்டரும் கொண்டு படிப்படியாகப் பின்தொடர வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: நேர்மின் திட்டத்தில் பணமும் அறிவும் செலவாவது இரண்டு முனைகளில்தான். நடுவில் ஓடும் கம்பி எளிய பகுதி. ஆகவே ஒவ்வொரு படியிலும் முனைகளில் என்ன நேரும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

முதல் படி: நேர்மின்சாரம் தேவைதானா?

மின் உற்பத்தி நிலையங்கள் மாறுதிசை மின்சாரத்தையே தருகின்றன. நம் வீடுகளும் அதையே கேட்கின்றன. இடையில் அதை நேர்மின்சாரமாக்கி மறுபடியும் மாறுதிசையாக்குவதற்கு மூன்று காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். தொலைவு மிக அதிகமாக இருக்கலாம். பாதை கடலடியிலோ நிலத்தடியிலோ கேபிளாகச் செல்ல நேரிடலாம். அல்லது இணைக்கப்பட வேண்டிய இரண்டு மின்கட்டமைப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்தியங்காதவையாக இருக்கலாம். 110 கிலோமீட்டர் என்பது மின்சாரத்துக்கு நெடுந்தொலைவே அல்ல. எனவே நமக்கு மிக அருகிலிருக்கும் நேர்மின் பாதை, தொலைவுக்காக அன்றி மூன்றாவது காரணத்துக்காகக் கட்டப்பட்டது.

செம்பனை ஆலையின் இயந்திர அறையில் நின்றவர்களுக்கு இந்த மூன்றாவது காரணத்தை விளக்கத் தேவையில்லை. செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து எழுப்பிய நீராவியில் சுழலும் டர்பைனை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டீசல் ஜெனரேட்டரோடு சேர்க்கும் முன், மின்னழுத்தம், அதிர்வெண், கட்டக்கோணம் ஆகிய மூன்றும் பொருந்தியாக வேண்டும். இரண்டு மின்மூலங்களின் கட்டக்கோண வேறுபாட்டைக் காட்டும் கருவியான சிங்க்ரோஸ்கோப்பின் முள் மெதுவாகச் சுற்றிவந்து பன்னிரண்டு மணி நிலையை நெருங்கும்போதுதான் பிரேக்கரை மூட வேண்டும். நான் வேலை பழகிய ஆலையில் ஒருவர் அவசரப்பட்டு முள் நாலு மணியில் இருந்தபோது மூடிவிட, கப்ளிங் முறிந்து, இரண்டு நாள் பழக்குலைகள் அவற்றைக் கொட்டும் ரேம்ப்பிலேயே கிடந்தன. இரண்டு நாட்டு மின்கட்டமைப்புகளைச் சேர்ப்பதும் இதே விவகாரம்தான். அளவு மட்டும் பல்லாயிரம் மடங்கு. தீபகற்ப மலேசியாவும் தாய்லாந்தும் 50 ஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன என்றாலும், ஒரு கணத்தில் இங்கே 50.02 ஆகவும் அங்கே 49.97 ஆகவும் இருக்கலாம். இரண்டு பெரிய கட்டமைப்புகளை ஒரு மெல்லிய மாறுதிசைப் பாதையால் பிணைத்தால், இந்தச் சிறு வேறுபாடே அப்பாதையில் மின்திறனை இங்கும் அங்கும் ஊசலாட்டி, பிரேக்கரைத் திறக்க வைத்துவிடும். நேர்மின்சாரத்துக்கோ அதிர்வெண்ணும் இல்லை, கட்டக்கோணமும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் 100 மெகாவாட் என்று கட்டளையிட்டால் 100 மெகாவாட்தான் செல்லும்.

தெற்கே நிலைமை நேர்மாறானது. சிங்கப்பூரோடு நமக்குள்ள இணைப்பு ஜோகூர் நீரிணைக்கு அடியில் செல்லும் மாறுதிசைக் கேபிள். தொலைவு மிகக் குறைவு, இரு கட்டமைப்புகளும் ஒத்தியங்குகின்றன, ஆகையால் அங்கே மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாகவும் நேர்மின்சாரத்தை மாறுதிசையாகவும் மாற்றும் கன்வர்ட்டருக்கு வேலையில்லை. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாவோஸின் நீர்மின்சாரம், 100 மெகாவாட் வரை, தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு விற்கப்படத் தொடங்கியபோது, புதிய பாதை எதுவும் போடாமல், ஏற்கெனவே இருந்த இந்த இரு வகை இணைப்புகளே கைகொடுத்தன.

இரண்டாம் படி: தொலைவைக் கணக்கிடுவது

மாறுதிசைப் பாதையில் செல்லக்கூடிய மின்திறனைத் தோராயமாக அறிய, இரு முனை மின்னழுத்தங்களின் பெருக்கத்தைப் பாதையின் மின்மறுப்பால் (மாறுதிசை மின்னோட்டத்துக்கு மட்டும் பாதை காட்டும் எதிர்ப்பு) வகுத்து, இரு முனைகளுக்கும் இடையேயுள்ள கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 275 கிலோவோல்ட் பாதை ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு 0.3 ஓம் மின்மறுப்பு என்று கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 30 ஓம். உச்சத் திறன் ஏறத்தாழ 2,520 மெகாவாட். அதே பாதை 600 கிலோமீட்டர் நீண்டால் மின்மறுப்பு 180 ஓம். உச்சத் திறன் 420 மெகாவாட்டாகச் சுருங்குகிறது. நிலைத்தன்மைக்காகக் கோணத்தை 30 பாகைக்கு மிகாமல் வைத்தால் அதில் பாதி, அதாவது 210 மெகாவாட்தான் நடைமுறையில் அனுப்ப முடியும். கம்பி சூடேறித் தளர்வதற்கு வெகு முன்பே கோணம் வந்து கையைக் கட்டிப்போடுகிறது. தொடர் மின்தேக்கிகளை இடையிடையே வைத்து மின்மறுப்பின் ஒரு பகுதியைக் கழிக்கலாம். அது உதவும், ஆனால் எல்லையற்று உதவாது. நேர்மின்சாரத்தில் மின்மறுப்பு என்ற கணக்கே நிலையான ஓட்டத்தில் எழுவதில்லை. மின்தடை மட்டுமே எஞ்சுகிறது.

கேபிள் என்றால் நிலைமை இன்னும் கடுமை. கேபிளின் உட்கம்பியும் வெளியுறையும் சேர்ந்து நீண்டதொரு மின்தேக்கியாகிவிடுவதால், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அதை நிரப்பவும் வடிக்கவும் மின்னோட்டம் தேவைப்படுகிறது. கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபேரட் கொண்ட 275 கிலோவோல்ட் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்ட மின்னழுத்தம் 159 கிலோவோல்ட். 50 ஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 ஆம்பியர் இந்த நிரப்பு மின்னோட்டத்துக்கே போய்விடும். 100 கிலோமீட்டரில் அது 1,000 ஆம்பியர். பல கேபிள்களின் முழுத் தாங்குதிறனே அவ்வளவுதான். பயனுள்ள மின்சாரத்துக்கு இடமே மிச்சமில்லை. நேர்மின் கேபிளை ஒருமுறை நிரப்பினால் போதும்.

இந்தக் கணக்குகளோடு செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது, கன்வர்ட்டர் நிலையங்களின் கூடுதல் விலையைக் கம்பியிலும் கோபுரத்திலும் மிச்சமாகும் தொகை ஈடுகட்டத் தொடங்கும் தொலைவு, மேல்நிலைப் பாதைக்கு ஏறத்தாழ 600 முதல் 800 கிலோமீட்டர் என்றும், கடலடிக் கேபிளுக்கு 50 கிலோமீட்டரை ஒட்டி என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நம் நாட்டில் இதற்கான பெரிய உதாரணம் கட்டப்படாத ஒன்று. சரவாக்கின் 2,400 மெகாவாட் பாக்குன் அணையிலிருந்து தீபகற்பத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் பழைய திட்டத்தில், தென் சீனக் கடலின் அடியில் 650 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்மின் கேபிள் வரையப்பட்டிருந்தது. அணை எழுந்தது, கேபிள் எழவில்லை. மாறுதிசையில் அதைச் செய்யலாமா என்று எவரும் கேட்கவில்லை. மேலே உள்ள கணக்கைப் போட்டவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

மூன்றாம் படி: சுற்றின் அமைப்பு

ஒரே ஒரு உயர்மின் கம்பியும் திரும்பிவர ஒரு வழியும் உள்ள அமைப்பு ஒற்றைத் துருவ அமைப்பு. திரும்பும் வழி நிலமாகவோ கடலாகவோ இருக்கலாம். அல்லது தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஓடும் தனிக் கம்பியாக இருக்கலாம். குரூண் இணைப்பு இரண்டாவது வகை. நேர் துருவம் ஒன்று, எதிர் துருவம் ஒன்று என இரு உயர்மின் கம்பிகள் கொண்டது இரட்டைத் துருவ அமைப்பு. ஒரு துருவம் பழுதானாலும் மற்றது பாதித் திறனையாவது அனுப்பிக்கொண்டிருக்கும். 1,000 மெகாவாட்டைத் தாண்டும் மேல்நிலைப் பாதைக்கு இரட்டைத் துருவத்தைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவ்வளவு மின்சாரத்தை ஒரே இன்சுலேட்டர் வரிசையை நம்பி ஒப்படைப்பது விவேகமல்ல.

பாதையே இல்லாத அமைப்பும் உண்டு. இரண்டு கன்வர்ட்டர்களையும் ஒரே கட்டடத்தில் முதுகோடு முதுகாக வைத்து, ஒத்தியங்காத இரு கட்டமைப்புகளை அந்த இடத்திலேயே இணைத்துவிடலாம்.

நான்காம் படி: மின்னழுத்தமும் கம்பியும்

இந்தப் படி சுலபமானது. அனுப்ப வேண்டிய திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம். குரூணில் 300 மெகாவாட், 300 கிலோவோல்ட். ஆகவே 1,000 ஆம்பியர். இரட்டைத் துருவத்தில் 2,000 மெகாவாட்டை ±500 கிலோவோல்ட்டில் 1,000 கிலோமீட்டர் அனுப்புவதாகக் கொள்வோம். இரு துருவங்களுக்கும் இடையே 1,000 கிலோவோல்ட் இருப்பதால் மின்னோட்டம் 2,000 ஆம்பியர். ஒவ்வொரு துருவத்திலும் நான்கு கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து, கட்டின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.01 ஓம் என்றால், துருவத்துக்கு 10 ஓம். மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கினால் துருவத்துக்கு 40 மெகாவாட். இரண்டுக்குமாக 80 மெகாவாட், அதாவது நூற்றுக்கு நான்கு. மின்னழுத்தத்தை ±800 கிலோவோல்ட்டாக உயர்த்தினால் இழப்பு நூற்றுக்கு ஒன்றரையை ஒட்டி இறங்கும். இன்சுலேட்டரும் கோபுரமும் அதற்கேற்ப விலையேறும். இந்த இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ அதுவே தெரிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் கரூர் அருகேயுள்ள புகளூர் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டருக்கு 6,000 மெகாவாட்டைக் கொண்டுவரும் பாதை ±800 கிலோவோல்ட். சீனாவின் சாங்ஜி–குசுவான் பாதை ±1,100 கிலோவோல்ட்டில் 12,000 மெகாவாட்டை 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சேர்க்கிறது.

ஐந்தாம் படி: கன்வர்ட்டர் வகையைத் தெரிவு செய்தல்

வணிக அளவில் உயர் மின்னழுத்த நேர்மின் இணைப்பு முதலில் 1954 இல் சுவீடனின் பெருநிலத்துக்கும் கோட்லாந்து தீவுக்கும் இடையே இயங்கியது: 98 கிலோமீட்டர் கடலடிக் கேபிள், 100 கிலோவோல்ட், 20 மெகாவாட். அதற்கு அடித்தளமிட்ட ஊனோ லாம் பயன்படுத்தியது பாதரச வில் வால்வுகள். பெரிய கண்ணாடிப் பானைகளும் இரும்புத் தொட்டிகளும் கலந்த அந்தத் தலைமுறை, 1950களின் இறுதியில் பிறந்த தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சில்லுக்கு இடம்விட்டது. கனடாவின் ஈல் ரிவர் நிலையம் 1972 இல் முழுக்க முழுக்கத் தைரிஸ்டரால் இயங்கத் தொடங்கியது. இன்றும் அடுக்கப்பட்ட சில்லுத் தொகுதியை 'வால்வு' என்றே அழைக்கிறார்கள். பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தைரிஸ்டரை நாம் விரும்பிய கணத்தில் கடத்தச் செய்யலாம், ஆனால் விரும்பிய கணத்தில் நிறுத்த முடியாது. மின்னோட்டம் தானாகச் சுழியமாகும் வரை அது கடத்திக்கொண்டே இருக்கும். அதை அணைக்கும் வேலையை வெளியிலுள்ள மாறுதிசைக் கட்டமைப்பின் மின்னழுத்தமே செய்கிறது. எனவே தைரிஸ்டர் நிலையத்துக்கு அருகில் வலுவான கட்டமைப்பு தேவை. அந்த இடத்தின் குறுக்குச்சுற்றுத் திறனை, அதாவது அங்கே குறுக்குச்சுற்று நேர்ந்தால் கட்டமைப்பு ஊட்டக்கூடிய திறனை, இணைப்பின் மெகாவாட்டால் வகுத்துப் பாருங்கள்: விடை மூன்றுக்கு மேல் என்றால் கவலையில்லை, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே என்றால் கவனம் தேவை, இரண்டுக்குக் கீழ் என்றால் வேறு வகையை நாடுவது நல்லது.

அந்த வேறு வகை, ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டரைக் கொண்டது. அதைத் திறக்கவும் மூடவும் நம் கட்டளையே போதும் என்பதால், கட்டமைப்பு பலவீனமாக இருந்தாலும், ஏன், முற்றிலும் இருண்டு கிடந்தாலும்கூட, மறுமுனையிலிருந்து மின்சாரம் கொடுத்து அதை எழுப்ப முடியும். ஒருமுறை தீபகற்பம் முழுவதும் இருண்ட 1996 ஆகஸ்ட் 3 ஆம் தேதியை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தத் திறனின் மதிப்பை உடனே உணர்வார்கள்.

தைரிஸ்டருக்கும் தனிச் சிறப்புகள் உண்டு. நிலையம் ஒன்றில் இழப்பு நூற்றுக்கு 0.7 அளவிலேயே அடங்குகிறது. ஐஜிபிடி வகையில் அது ஏறத்தாழ 1. மிகப் பெரிய திறனுக்கும் மேல்நிலைப் பாதைக்கும் தைரிஸ்டர் இன்னமும் முந்தி நிற்கிறது. கேபிளுக்கும், கடற்காற்றாலைக்கும், நகர நடுவிலுள்ள குறுகிய நிலத்துக்கும் ஐஜிபிடி. தைரிஸ்டரில் மின்னோட்டம் ஒரே திசையில்தான் ஓடும். மின்திறனைத் திருப்ப வேண்டுமானால் மின்னழுத்தத்தின் துருவத்தைத் தலைகீழாக்க வேண்டும். நெகிழிக் காப்புக் கேபிள்களுக்கு இந்தத் துருவமாற்றம் ஆகாது. ஐஜிபிடியில் துருவம் அப்படியே இருக்க, மின்னோட்டம் மட்டும் திசைமாறும். அந்தக் கேபிளும் இந்தக் கன்வர்ட்டரும் சேர்ந்தே பரவியதற்கு இதுவே காரணம்.

ஆறாம் படி: தைரிஸ்டர் நிலையத்தை அளவிடுதல்

இது வழிகாட்டியின் இதயப் பகுதி; பொறுமையோடு படியுங்கள். மூன்று கட்டங்களுக்கு மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு வால்வுகள் சேர்ந்தால் ஒரு பாலம். அது ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்புகள் கொண்ட நேர்மின்னழுத்தத்தைத் தரும். இப்படி இரண்டு பாலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடரிணைப்பில் வைத்து, ஒன்றுக்கு நட்சத்திர இணைப்பிலும் மற்றதற்கு முக்கோண இணைப்பிலும் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தால், இரண்டுக்கும் இடையே 30 பாகை வேறுபாடு உண்டாகிப் பன்னிரண்டு துடிப்புகள் கிடைக்கின்றன. துடிப்பு மென்மையாவது மட்டுமன்று ஆதாயம்: மாறுதிசைப் பக்கத்தில் 5 ஆவது, 7 ஆவது ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் எழும் வேண்டாத அலைகள்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிட, 11, 13, 23, 25 என்பவையே எஞ்சுகின்றன. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்றை வேறுவிதமாக இணைத்ததற்கு இவ்வளவு பெரிய கூலி கிடைப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பாலத்தின் நேர்மின்னழுத்தம் என்பது டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்க மின்னழுத்தத்தை 1.35 ஆலும், தூண்டுகோணத்தின் கோசைன் மதிப்பாலும் பெருக்கி, ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் இடம்மாறும்போது ஏற்படும் இறக்கத்தைக் கழித்தது. தூண்டுகோணம் என்பது தைரிஸ்டர் கடத்தத் தகுதிபெற்ற கணத்துக்கும் நாம் அதற்குக் கட்டளை தரும் கணத்துக்கும் இடையேயுள்ள தாமதம். குரூண் அளவிலான நிலையத்துக்கு எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். மொத்தம் 300 கிலோவோல்ட் என்பதால் பாலத்துக்கு 150. தூண்டுகோணம் 15 பாகை, கோசைன் 0.966; இடமாற்ற இறக்கம் 0.07 என்று வைத்தால் மிஞ்சுவது 0.896. 150 ஐ 0.896 ஆல் வகுத்தால் 167, அதை 1.35 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 124 கிலோவோல்ட். டிரான்ஸ்ஃபார்மரின் வால்வுப் பக்கச் சுற்று அந்த மின்னழுத்தத்துக்கு அமைய வேண்டும். முதன்மைப் பக்கத்தில், சுமை ஏறியிறங்கும்போதே சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றும் கருவி (டேப் சேஞ்சர்) இருந்தால்தான் தூண்டுகோணத்தை 15 பாகையை ஒட்டியே வைத்துக்கொள்ள முடியும்.

ஒரு தைரிஸ்டர் சுமார் 8 கிலோவோல்ட்டைத் தாங்கும் என்றால், 175 கிலோவோல்ட் உச்சமும் அதற்கு மேல் மின்னல் அதிர்ச்சிக்கான ஒதுக்கீடும் சேர்த்து ஒரு வால்வுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட தைரிஸ்டர்கள் தேவை. பன்னிரண்டு வால்வுகளுக்கு ஐந்நூறைத் தாண்டும். இத்தனையையும் மைக்ரோவினாடி பிசகாமல் ஒரே கணத்தில் தூண்ட, தரையிலிருந்து ஒளியிழை வழியே ஒளிக்கட்டளை செல்கிறது. செம்புக் கம்பியால் அதைச் செய்ய முடியாது, ஏனெனில் மேலே நிற்பது நூற்றுக்கணக்கான கிலோவோல்ட்டில். சூட்டைத் தணிக்க, அயனிகள் நீக்கப்பட்ட தூய நீர் அந்த உயர்மின்னழுத்தத்தின் ஊடாகவே ஓடுகிறது. சாதாரணக் குழாய் நீராக இருந்தால் அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும்.

அடுத்து எதிர்வினைத் திறன்: பயனுள்ள வேலை எதுவும் செய்யாமல் முன்னும் பின்னும் ஊசலாடும் திறன்; அதன் அலகு மெகாவார். தூண்டலைத் தாமதப்படுத்துவதால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்னால் விழுகிறது. அதனால் நிலையம், அனுப்பும் மெகாவாட்டில் நூற்றுக்கு 50 முதல் 60 வரை எதிர்வினைத் திறனாகக் கேட்கும். 300 மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 165 மெகாவார். 11, 13 ஆவது ஹார்மோனிக்குகளை வடிகட்டும் ஃபில்டர்களே மின்தேக்கிகளாகவும் அமைவதால் இதில் பெரும்பகுதியை அவை ஈடுசெய்யும். சுமை கூடும்போது ஒவ்வொரு தொகுதியாகச் சேர்த்து, குறையும்போது ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். சுமை சட்டென்று நின்றுபோய் ஃபில்டர்கள் எல்லாம் இணைப்பிலேயே இருந்துவிட்டால் வட்டாரத்து மின்னழுத்தம் எகிறிவிடும். தைரிஸ்டர் நிலையத்தின் நிலப்பரப்பில் பெரும்பங்கை விழுங்குபவை இந்த ஃபில்டர் முற்றங்கள்தாம்.

பெறும் முனையில் ஓர் அபாயம் காத்திருக்கிறது. அங்கே வால்வு அணைந்த பிறகு, அதன் மீது மறுபடியும் மின்னழுத்தம் ஏறுவதற்குள் சிறிது இடைவேளை வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அதை 17, 18 பாகை அளவில் வைப்பார்கள். பக்கத்துப் பாதையில் இடி விழுந்து மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்து சரிந்தாலே அந்த இடைவேளை கரைந்து, அணைந்திருக்க வேண்டிய வால்வு மீண்டும் கடத்தத் தொடங்கலாம். நேர்மின் பக்கம் கணநேரம் குறுக்குச்சுற்றாகி, மின்சாரம் நின்று, மீளும். இடிக்குப் பேர்போன நம் நாட்டில் இதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஏழாம் படி: ஐஜிபிடி வகையானால்

இன்றைய ஐஜிபிடி கன்வர்ட்டர்கள் சிறு சிறு பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மின்தேக்கி, இரண்டு ஐஜிபிடிகள். பெட்டியைச் சேர்த்தால் ஒன்றிரண்டு கிலோவோல்ட் கூடும், விலக்கினால் குறையும். கன்வர்ட்டரின் ஒவ்வொரு கிளையிலும் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வரிசைப்படி சேர்த்தும் விலக்கியும் படிக்கட்டுப் போன்ற அலையை உருவாக்கும்போது, படிகள் மிகச் சிறியவையாதலால் அது ஏறத்தாழத் தூய சைன் அலையாகிவிடுகிறது. பெரிய ஃபில்டர் முற்றம் தேவைப்படுவதில்லை. இம்முறை வணிக அளவில் முதலில் 2010 இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியில் 85 கிலோமீட்டர், 400 மெகாவாட் இணைப்பில் இயங்கியது. புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் ±320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் இணைப்பும் ஐஜிபிடி வகைதான். எனவே ராய்கரிலிருந்து தைரிஸ்டர் வழியாக வரும் மின்சாரம், புகளூரிலேயே அடுத்த தலைமுறைக் கன்வர்ட்டரில் ஏறிக் கேரளத்துக்குப் போகிறது.

எட்டாம் படி: யார் எதைப் பிடிப்பது?

இரண்டு முனைகளும் ஒரே அளவைக் கட்டுப்படுத்த முயன்றால் இழுபறிதான். ஆகவே தைரிஸ்டர் இணைப்பில் அனுப்பும் முனை மின்னோட்டத்தைப் பிடிக்கும். பெறும் முனை மின்னழுத்தத்தைப் பிடிக்கும். அதோடு பெறும் முனைக்கும் ஒரு மின்னோட்டக் கட்டளை கொடுக்கப்படுகிறது, ஆனால் நூற்றுக்குப் பத்து குறைவாக. வழக்கமான வேளையில் அது உறங்கும். அனுப்பும் முனையில் மின்னழுத்தம் சரிந்து மின்னோட்டம் விழுந்தால், பத்து விழுக்காடு இறங்கியதும் பெறும் முனை விழித்துக்கொண்டு அந்த அளவில் தாங்கும். இரு நிலையங்களுக்கும் இடையிலான தகவல்தொடர்பு அறுந்த நேரத்திலும் இது வேலை செய்யும் என்பதே இதன் அழகு. மின்னழுத்தம் பாதிக்குக் கீழே சரிந்தால், மின்னோட்டக் கட்டளையைத் தானாகவே குறைக்கும் விதி ஒன்றும் உடன் வேண்டும். நோயாளியின் மேல் மூட்டை ஏற்றக்கூடாது.

ஒன்பதாம் படி: பழுதை எதிர்கொள்ளுதல்

மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை சுழியத்தைக் கடக்கிறது. பிரேக்கர் அந்தக் கணத்தைப் பிடித்து, திறக்கும்போது எழும் மின்வில்லை (மின்பொறியை) அணைத்துவிடுகிறது. நேர்மின்னோட்டத்துக்கு அப்படியொரு கணம் இல்லை என்பதால் அதைத் துண்டிப்பது கடினம். தைரிஸ்டர் இணைப்பு இதைப் பிரேக்கர் இல்லாமலே சமாளிக்கிறது. பாதையில் இடி விழுந்ததும், அனுப்பும் முனையின் தூண்டுகோணம் 90 பாகைக்கு மேல் தள்ளப்படுகிறது. உடனே அம்முனையும் பெறும் முனையாக மாறி, பாதையிலுள்ள ஆற்றலை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. வில் அணைந்த காற்று மறுபடியும் காப்பாகும்படி 0.2, 0.3 வினாடி காத்திருந்து, மின்னழுத்தம் மீண்டும் ஏற்றப்படுகிறது. இரண்டு மூன்று முறை முயன்றும் நிற்கவில்லையென்றால், அழுக்கேறிய இன்சுலேட்டர் என்று கொண்டு, நூற்றுக்கு எண்பது மின்னழுத்தத்தில் முயலலாம். சாதாரண ஐஜிபிடி பெட்டியில் டையோடுகள் வழியே பழுதுக்கு மின்சாரம் ஊட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இந்த உபாயம் பலிக்காது. மாறுதிசைப் பக்கப் பிரேக்கரைத் திறக்க வேண்டும், அல்லது இரட்டிப்பு ஐஜிபிடிகள் கொண்ட பெட்டியையோ விலையுயர்ந்த நேர்மின் பிரேக்கரையோ நாட வேண்டும்.

பத்தாம் படி: தடமும் நிலமும்

நேர்மின்னழுத்தம் தூசியை ஈர்க்கும் தன்மையுடையது. ஆலைப் புகையும் உரத்தூளும் மிதக்கும் தோட்டப் பகுதியில் இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழித்தொலைவை (கம்பியிலிருந்து கோபுரம் வரை அதன் மேற்பரப்பை ஒட்டிய நீளம்) மாறுதிசைப் பாதையைவிடக் கூட்டி வைக்க வேண்டும். வயதான செம்பனை உயர்ந்து வளருமாகையால், கம்பித் தடத்தின் அகலத்தை மறுநடவுக் காலத்தையும் எண்ணித் தீர்மானிக்க வேண்டும். நிலத்தின் வழியே மின்னோட்டத்தைத் திருப்பும் அமைப்பானால், அந்தப் பக்கம் புதைந்துள்ள எரிவாயுக் குழாய்களின் உலோகம் அரிக்கப்படும். தனிக் கம்பி வழியே திருப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

பதினோராம் படி: இயக்கிவைத்தல்

முதலில் டிரான்ஸ்ஃபார்மர்களையும் ஃபில்டர்களையும் மாறுதிசைப் பக்கத்திலிருந்து தனித்தனியே மின்னேற்றிப் பார்க்க வேண்டும். பிறகு மறுமுனையைத் திறந்து வைத்துப் பாதையை முழு மின்னழுத்தத்துக்கு ஏற்றி, காப்பு தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். அதன்பின் நூற்றுக்குப் பத்து மின்னோட்டத்தில் முதல் மின்சாரத்தை அனுப்பி, படிப்படியாக முழுச் சுமைக்கு உயர்த்தி, திசையைத் திருப்பி, தொடர்பைத் துண்டித்து, செயற்கையாகப் பழுது உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடு எப்படி நடந்துகொள்கிறது என்று பதிவு செய்ய வேண்டும்.

இயங்கும்போது வால்வுக் கூடத்துக்குள் எவரும் நுழைவதில்லை. ஒரு தைரிஸ்டர் செத்தால் அது திறந்த சுற்றாகாமல் குறுக்குச்சுற்றாகி, கம்பித்துண்டு போல மின்னோட்டத்தைக் கடத்தும். அடுக்கிலுள்ள மற்றவை அதன் பங்கு மின்னழுத்தத்தைச் சேர்த்துத் தாங்கும். இதற்காகவே ஒவ்வொரு வால்விலும் தேவைக்கு மேல் சில தைரிஸ்டர்கள் கூடுதலாக அடுக்கப்படுகின்றன. எந்த அடுக்கில் எது போயிற்று என்பதைக் கட்டுப்பாட்டு அறையின் திரை காட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுப் பராமரிப்புக்காக இணைப்பு நிறுத்தப்பட்டு, வால்வுகள் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பிறகு, தொழில்நுட்பர் ஏணி வண்டியில் ஏறி அவற்றை மட்டும் மாற்றிவிட்டு வருவார்.